தாம்பாளத்தில் போன டீசல் இஞ்சின்

ரயில் கூவுவதைக் கேட்டே நேரம் சொல்லிப் பழகிய என் வயதுக்காரர்களுக்கு இதை எழுதுகிறேன். இளையவர்கள் படித்தால், ஒரு பொம்மை இஞ்சினுக்கா இத்தனை புலம்பல் என்று கேட்பார்கள். கேட்கட்டும். எனக்கு இப்போது யாரையும் திருப்திப்படுத்த வேண்டிய கட்டாயம் இல்லை. வாத்தியார் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதில் கிடைத்த ஒரே லாபம் அதுதான்.

ஆனையூரில் எங்கள் வீட்டு மாடி அறையை என் மகன் ஒரு பட்டறையாகவே ஆக்கி வைத்திருக்கிறான். கம்ப்யூட்டர் வேலை முடிந்ததும் அங்கேதான் கிடப்பான். வெளிநாட்டு மாடல் இஞ்சின்கள் இரண்டை வாங்கி, இதன் தலையையும் அதன் வாலையும் அறுத்து ஒட்டி, நம் ஊரில் ஒரு காலத்தில் ஓடிய மீட்டர்கேஜ் டீசல் இஞ்சினை உண்டாக்குகிறான். இதற்கு கிட்பேஷிங் என்று பெயராம். உலகம் முழுக்க இதற்கென்று சங்கம் எல்லாம் இருக்கிறதாம். போன மாதம் கீழே இறங்கி வந்து, "அம்மா, தாத்தா ஓட்டுன இஞ்சின் என்ன பச்சைம்மா? இதுவா, அதுவா?" என்று இரண்டு அட்டைத் துண்டுகளை நீட்டினான். இரண்டும் இல்லை. ஆனால் அந்தப் பச்சை எனக்கு நன்றாக நினைவிருந்தது. என் விரல் நகங்களில் வாரக்கணக்கில் ஒட்டியிருந்த பச்சை அது.

அப்பா இதே வேலையைத்தான் செய்தார். அப்போது அதற்குப் பெயர் கிடையாது. அம்மா ஒரு பெயர் வைத்திருந்தார், கிறுக்கு என்று.

அப்பா டிரைவர். நாங்கள் ரயில்வே காலனியில் இருந்தோம். அந்த டீசல் இஞ்சினைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன்: நீளமான ஒரு பீரோவைத் தரையில் படுக்கப் போட்டு, அதன் ஒரு கோடியில் குளியலறை அளவுக்கு ஓர் அறையை நிறுத்தினால் எப்படி இருக்கும், அதுதான். டிரைவர் அந்த அறையில் ஒரு பக்கம் உட்காருவார், அசிஸ்டெண்ட் மறு பக்கம். அறை முன்னால் போகும்படி இஞ்சினை மாட்டினால் கஷ்டமில்லை. அந்த நீளப் பீரோவை முன்னால் விட்டு ஓட்டினால் டிரைவருக்குத் தன் பக்கத்துத் தண்டவாளம் மட்டும்தான் கண்ணில் படும். மறுபக்கத்தை அசிஸ்டெண்ட்தான் பார்த்துச் சத்தம் போட வேண்டும்.

ஒரு வைகாசி மாதம், சோழவந்தானுக்குப் பக்கத்தில் ஒரு வளைவில், அப்பா அப்படி நீளப்பக்கத்தை முன்னால் விட்டு ஓட்டி வந்த இஞ்சினில் ஒரு பெண் அடிபட்டுச் செத்துப்போனார். வெற்றிலைக் கொடிக்காலில் வேலை பார்ப்பவர். தலையில் வெற்றிலைக் கூடையோடு தண்டவாள ஓரமாகவே நடந்து வந்திருக்கிறார். வளைவு அசிஸ்டெண்ட் பக்கமாகத் திரும்பியது. அப்பா பக்கத்திலிருந்து பார்த்தால் வானமும் பச்சைத் தகரமும்தான். வண்டியை நிறுத்தி இறங்கி ஓடிய அப்பா, சிதறிய வெற்றிலையை எல்லாம் பொறுக்கிக் கூடையில் போட்டுக்கொண்டு இருந்தாராம். அப்பா அதற்கு முன் சாப்பாடு முடிந்ததும் வெற்றிலை போடுவார். அதற்குப் பிறகு ஒரு தரம்கூடப் போட்டதில்லை.

விசாரணை முடியும்வரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். காலனியில் அதுவரை எங்கள் வீட்டுக்கு வந்து போனவர்கள் எல்லாம் திடீரென்று ரொம்ப வேலை உள்ளவர்கள் ஆகிவிட்டார்கள். தண்ணீர்க் குழாயடியில் அம்மா போய் நின்றால் பேச்சு நிற்கும். பள்ளிக்கூடத்தில் என்னிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது.

கூட வேலை பார்த்த அசிஸ்டெண்ட் மட்டும் ஒரு நாள் வந்தார். மெலிந்த ஆள், இருபத்தைந்து வயதுகூட இருக்காது. விபத்துக்கு இரண்டு நாள் முன்னால்தான் மனைவிக்குப் பிரசவம் ஆகி, பிள்ளை பிழைக்குமா பிழைக்காதா என்று பெரியாஸ்பத்திரியில் கிடந்தது. வாசல்படியிலேயே நின்று, "அண்ணே..." என்றார். அப்பா எழுந்துபோய் அவர் தோளில் கை வைத்து, "புள்ளைக்கு எப்படியிருக்கு? போ, போய் ஆஸ்பத்திரியில இரு. மத்ததை நான் பாத்துக்கிறேன்" என்று அனுப்பிவிட்டார்.

அடுத்த வாரம் அப்பா என் ரயிலை வெட்டினார்.

சித்திரைத் திருவிழாவில் வாங்கியது. சாவி கொடுத்தால் ஓடும் தகர ரயில். எனக்கு அதற்கு முன்னும் பின்னும் யாரும் அப்படி ஒன்று வாங்கித் தந்ததில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்து பார்த்தால், அதன் சக்கரமும் சட்டமும் தனியாகக் கிடக்கின்றன. பக்கத்தில் என் பிளாஸ்டிக் பஸ், முன்பக்கம் இல்லாமல். பஸ்ஸின் மூஞ்சிதான் டிரைவர் அறையாகப் போகிறதாம். நான் தரையில் உருண்டு அழுதேன். அம்மா அப்பாவைப் பார்த்து, "வேலைதான் போச்சு, புத்தியுமா போகணும்? பச்சப்புள்ள விளையாட்டுச் சாமானைப் போயி..." என்று ஆரம்பித்தவர், அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டார். அங்கே பாத்திரங்கள் அன்று மாலை முழுக்கச் சத்தம் போட்டன.

நீளப் பகுதிக்கு பவுடர் டப்பாக்களைப் பிரித்து நிமிர்த்தி மடித்தார். காற்றுப் போகும் சல்லடைக்கு டீ வடிகட்டியின் வலை. கைப்பிடிக் கம்பிகளுக்கு அம்மாவின் கொண்டை ஊசிகள். சக்கரத்தின் பக்கவாட்டில் இருக்கும் குமிழ்களுக்குப் பழைய சட்டைப் பொத்தான்கள். எதையும் குத்துமதிப்பாகச் செய்யமாட்டார். மனசுக்குள் இருந்த இஞ்சினை ஸ்கேல் வைத்து அளந்தது போல, ஒரு மடிப்பு நூலளவு பிசகினாலும் பிரித்துவிட்டு மறுபடி மடிப்பார்.

பற்றவைக்க செல்லூருக்குப் போவோம். அங்கே தாய்மாமா தறிச் சாமான்கள் பழுது பார்க்கும் பட்டறையில் இருந்தார். சந்து முழுக்கத் தறிச் சத்தம். ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்க வேண்டுமென்றால் கத்த வேண்டும். மாமா ஈயம் வைத்துப் பற்றவைக்கிறபோது எழும் புகையின் காரம் இப்போதும் எனக்கு மூக்கில் ஏறும். "மச்சான், இதைச் செஞ்சு என்ன செய்யப் போறீக?" என்று மாமா கத்தினார். அப்பாவும் கத்தித்தான் பதில் சொன்னார். "அதிகாரிகள்ல ஒருத்தரும் இஞ்சின்ல உக்காந்து பாத்தவுக இல்ல மாப்ள. 'ஏன் பாக்கல, ஏன் பாக்கல'ன்னு கேக்குறாக. என் சீட்டுல இருந்து பாத்தா எம்புட்டுத் தெரியும்னு காட்டணும். வாயால சொன்னா நம்ப மாட்டாக." அப்படித்தான் எனக்கும் விஷயம் தெரிந்தது. அழுகையை நிறுத்தினேன். என் ரயில் அப்பாவைக் காப்பாற்றப் போகிறது என்றால், போகட்டும்.

பெயிண்ட் அடிக்கிற நேரத்தில் ஆடிக்காற்று வந்துவிட்டது. மதுரையின் ஆடிக்காற்றைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு கை பச்சை அடித்துத் திரும்புவதற்குள் மண் வந்து அப்பிக்கொள்ளும். அதைத் தேய்த்து எடுத்து, பட்டி பார்த்து, மறுபடி அடிப்பார். கடைசியில் பக்கத்து வீட்டிலிருந்து கோழி கவிழ்க்கும் கூடை ஒன்றை வாங்கி, அதைச் சுற்றி ஈரத்துணி போட்டு, உள்ளே இஞ்சினைக் காய வைத்தார். கூடைக்குக் காவல் நான். வாசல் கேட்டுக்கு அடித்து மிஞ்சிய பச்சையில் கொஞ்சம் கறுப்பும் கொஞ்சம் மஞ்சளும் விட்டு, ஈர்க்குச்சியால் கலக்கி, தன் கட்டைவிரல் நகத்தில் வைத்துப் பார்ப்பார். பிறகு என் நகத்தில். "இதுதானா பாப்பா?" என்று கேட்பார், ஏதோ நானும் அந்த இஞ்சினை ஓட்டியவள் போல. நடுவில் மஞ்சள் பட்டை நேராக வருவதற்கு, காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரியை இரண்டு கரையிலும் ஒட்டி அடித்தார். பிளாஸ்திரியை உரித்ததும் பட்டை கத்தி போல் நின்றது. அம்மாகூட ஈரக்கையோடு வந்து எட்டிப் பார்த்தார்.

எல்லாம் முடிந்து பார்த்தால், டிரைவர் பக்கம் ஜன்னல் திறந்து இருந்தது, உள்ளே ஆள் உட்காரும் இடம் வரை. மறுபக்கம் ஜன்னல் வெட்டவே இல்லை. அந்த இடத்தில் கறுப்புப் பெயிண்ட் அடித்து, ஜன்னல் மாதிரி தோன்றச் செய்திருந்தார்.

"அந்தப் பக்கம் ஏம்ப்பா அடைச்சுட்டீங்க?"

"அந்தப் பக்கம் வேணாம்டா."

அம்மாவுக்கும் அது பிடிக்கவில்லை. "ஒத்தக்கண்ணு இஞ்சினு" என்றார். நம்பர் எழுதச் சொன்னேன். அதற்கும் அப்பா தலையை ஆட்டிவிட்டார். "ஒரு உசிரு போயிருக்கு பாப்பா. அந்த நம்பரை என் கையால எழுதிப் பாக்க முடியாது."

ஒரு மதியம் கூடத்துத் தரையில் சாக்பீஸால் தண்டவாளம் போட்டார், வளைவோடு. வளைவுக்கு அப்பால் ஓரத்தில் என் சின்னப் பொம்மையை நிறுத்தினார். இஞ்சினை வைத்துவிட்டு, என்னைத் தரையில் கன்னம் படப் படுக்கச் சொல்லி, டிரைவர் ஜன்னலுக்குப் பின்னால் ஒரு கண்ணை வைக்கச் சொன்னார்.

"பொம்மை தெரியுதா?"

"தெரியல."

"நல்லாப் பாரு. கொஞ்சம்கூடத் தெரியலையா?"

"இல்லப்பா. பச்சைதான் தெரியுது."

அந்த வைகாசிக்குப் பிறகு அப்பா சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். அம்மாவைக் கூப்பிட்டார். அம்மாவும் முந்தானையைச் செருகிக்கொண்டு தரையில் படுத்துப் பார்த்தார். எழுந்தபோது அவர் கண்கள் கலங்கியிருந்தன. "ஒண்ணுமே தெரியலையேங்க. பிறகு எப்படி உங்களைக் குத்தம் சொல்லுவாக?" என்றார். இஞ்சினை அப்பா மெதுவாகத் தள்ளிக் காட்டினார். ஆனால் ஒவ்வொரு தரமும், இஞ்சின் பக்கத்தில் போவதற்கு முன்னால் பொம்மையை எடுத்துவிடுவார். ஒரு தரம்கூட அதைத் தொடவிட்டதில்லை.

அம்மா அன்றிலிருந்து ஆளே மாறிப்போனார். கிறுக்கு என்று சொன்னவர், இஞ்சினைச் சாமி படத்துக்குக் கீழே வைத்து விபூதி பூசினார். விசாரணைக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை மாமா ஒரு யோசனை சொன்னார். "ஆபீஸ்ல கூட்டத்துக்கு நடுவுல இதை வெச்சு விளக்க விடமாட்டாக மச்சான். பங்களாவுக்கே போயி நிதானமாக் காட்டிட்டு வாங்க." அதிகாரி வீட்டுக்கு வெறுங்கையோடு போவதா? அம்மா பித்தளைத் தாம்பாளத்தைப் புளி போட்டுத் தேய்த்தார். வாழைப்பழம், கற்கண்டு, பூ, ஒரு கவுளி வெற்றிலை. எல்லாவற்றுக்கும் நடுவில் இஞ்சின். வெற்றிலையைப் பார்த்ததும் அப்பா முகம் சுருங்கியது. "இதை எடுத்துறேன்" என்றார். "வெத்தல இல்லாத தாம்பூலம் எங்கயாச்சும் உண்டா? சும்மா போங்க" என்று அம்மா அதட்டினார். அப்பா என் பொம்மையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். என்னையும் கூட்டிக்கொண்டு போனார்.

என்னை உள்ளே விடவில்லை. வேப்பமரத்தடியில் நிற்கச் சொன்னார்கள். அங்கிருந்து ஜன்னல் வழியாக உள்ளே நடப்பது தெரிந்தது, பேச்சுதான் கேட்கவில்லை. அப்பா தட்டை மேஜையில் வைத்து இஞ்சினைத் தனியே எடுத்தார். பையிலிருந்து பொம்மையை எடுத்து மேஜை ஓரத்தில் நிறுத்தினார். அதிகாரி கண்ணாடியைக் கழற்றிவிட்டு, குனிந்து, டிரைவர் ஜன்னலில் கண் வைத்தார். ரொம்ப நேரம் பார்த்தார். நிமிர்ந்து தலையை ஆட்டினார். எனக்கு அங்கேயே குதிக்க வேண்டும் போல் இருந்தது. பிறகு அவர் மேஜையைச் சுற்றிக்கொண்டு இந்தப் பக்கம் வந்தார். குனிந்தார். விரலால் எதையோ தொட்டுக் காட்டி அப்பாவிடம் கேட்டார். பிறகு அப்பாவின் கை நீண்டு, இஞ்சினின் கூரைமேல் படிந்தது. அதை எடுத்துத் திரும்பவும் தட்டில், பழத்துக்கும் பூவுக்கும் நடுவில் வைத்து, தட்டோடு தூக்கி அவரிடம் நீட்டினார். அதிகாரி சிரித்தார். உள்ளே பார்த்து யாரையோ கூப்பிட்டார். என் வயதுப் பையன் ஒருவன் ஓடி வந்தான்.

அப்பா காலித் தட்டோடு வெளியே வந்தார். வாசலில் நின்ற அம்மா தட்டைப் பார்த்து, "என்னங்க, இஞ்சின் எங்க?" என்றார்.

"தட்டுல வெச்சுக் குடுத்தா வேற என்னன்னு நினைப்பாக? புள்ளைக்குக் கொண்டாந்ததுன்னு எடுத்துக்கிட்டாரு."

அவ்வளவுதான் சொன்னார். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். பையில் பொம்மை மட்டும் திரும்பி வந்திருந்தது.

விசாரணையில் அப்பா, "அசிஸ்டெண்ட் சத்தம் போட்டான், நான்தான் கவனிக்கவில்லை" என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். அதற்குப் பிறகு அவர் வண்டி ஓட்டவில்லை. ஷெட்டில் எண்ணெய்ப் பீப்பாய்களுக்குக் கணக்கு வைக்கும் வேலைக்கு மாற்றினார்கள். ஓய்வு பெறும்வரை அதுதான். ஏதாவது ரயில் கூவினால், சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் கை அப்படியே நிற்கும். நின்றுவிட்டுப் பிறகு சாப்பிடுவார்.

அம்மா அதன்பின் தாம்பாளத்தைத் தொடவில்லை. நான் மிகைப்படுத்தவில்லை. என் கல்யாண நிச்சயத்துக்குத் தட்டு மாற்ற வேண்டிய நேரத்தில் அடுப்படிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். சித்திதான் வந்து மாற்றினார். மாப்பிள்ளை வீட்டில் அதைக் குற்றமாகப் பேசினார்கள். அம்மாவுக்குத் திமிர் என்றார்கள். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்தேன். கோபம் வருகிற நேரத்தில் எல்லாம் அம்மா ஒரே வாக்கியத்தில் வந்து நிற்பார்: "நான் தட்டுல வைக்காம அனுப்பியிருந்தா அவரு வண்டி ஓட்டியிருப்பாரு." அப்பா அதைக் கேட்டுக்கொண்டு அங்கேயேதான் உட்கார்ந்திருப்பார். ஒரு நாளும் மறுத்ததில்லை. தட்டோடு அவர் நீட்டியதைப் பார்த்த எனக்கும், தட்டில் போனதைக் கொடுத்துத்தானே ஆக வேண்டும் என்றுதான் பட்டது.

அசிஸ்டெண்ட் பிற்பாடு டிரைவர் ஆனார், நல்ல பெயரோடு ஓய்வும் பெற்றார். ஆஸ்பத்திரியில் கிடந்த பிள்ளை பிழைத்துக்கொண்டது. பொங்கலுக்குப் பொங்கல் ஒரு கட்டுக் கரும்போடு வருவார். வாசல்படி தாண்டமாட்டார். அம்மா வாசலிலேயே இலை போட்டுச் சோறு போடுவார். "அம்புட்டுப் பேருல இவன் ஒருத்தன்தான் மறக்காம வாரான்" என்பார். அப்பா இறந்த அன்று, பெற்ற பிள்ளை நான் அழுததைவிட அவர்தான் அதிகம் அழுதார். காலைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கவே மாட்டேன் என்றார்.

போன வாரம் மகன் என்னை மாடிக்குக் கூப்பிட்டான். பச்சை சரியாக வந்திருந்தது. மஞ்சள் பட்டையும் நேராக இருந்தது. "அம்மா, ரெண்டு பக்கமும் ஜன்னல் இருந்துச்சுல்ல? போட்டோவுல ஒரு பக்கம்தான் தெரியுது" என்றான். மறுபக்கம் ஜன்னலை அவன் வெட்டியிருந்தான். நான் ஏன் குனிந்தேன் என்று தெரியவில்லை. மூட்டு வலியோடு குனிந்து, அந்த ஜன்னலுக்குப் பின்னால் கண்ணை வைத்தேன். மேஜைமேல் அவன் போட்டிருந்த தண்டவாளத்தின் வளைவு முழுக்கத் தெரிந்தது. வளைவுக்கு அப்பால் அவன் வைத்திருந்த பெயிண்ட் பாட்டில் மூடியோடு தெரிந்தது.

அந்த அதிகாரி மேஜையைச் சுற்றி வந்தது எதற்கென்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. கறுப்படித்த இடத்தில் விரலை வைத்து, இங்கே உட்கார்ந்தவனுக்குத் தெரிந்திருக்குமே, அவன் என்ன செய்துகொண்டிருந்தான் என்று கேட்டிருக்கிறார். பிள்ளையை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்த இளைஞர் பார்க்கவில்லை. அப்பாவுக்கு அது தெரியும். தன் பக்கம் தெரியாது என்று காட்டினால் போதும், அடுத்தவன் பக்கம் யாரும் போகமாட்டார்கள் என்று நம்பித்தான் ஜன்னலை அடைத்திருக்கிறார். அதிகாரி அந்தப் பக்கமே போய்விட்டார். ஒன்று அவன்மேல் குற்றம் சொல்ல வேண்டும், இல்லையென்றால் இஞ்சினையே விட்டுவிட வேண்டும். தட்டு கைக்கு எட்டும் இடத்தில் இருந்தது.

அம்மாவுக்கு இப்போது எண்பதைத் தாண்டிவிட்டது. கீழறையில் கட்டிலில்தான் பொழுது போகிறது, கண் மட்டும் ஆபரேஷனுக்குப் பிறகு தெளிவாக இருக்கிறது. மகனிடம் கேட்டு இஞ்சினைக் கீழே எடுத்துக்கொண்டு போனேன். இத்தனை வருஷம் அம்மா சுமந்ததை இறக்கிவைக்கப் போகிறேன் என்ற சந்தோஷத்தில், உண்மையைச் சொன்னால், படியில் கொஞ்சம் வேகமாகவே இறங்கினேன். சாப்பாட்டுப் பலகையில் இஞ்சினை வைத்தேன், அந்தக் கோடியில் மாத்திரை டப்பாவை வைத்தேன்.

"இந்தப் பக்கத்து ஜன்னல்ல பாரும்மா. டப்பா தெரியுதா?"

பார்த்தார். "தெரியுதே. நல்லாத் தெரியுதே."

எல்லாவற்றையும் சொன்னேன். வேப்பமரத்தடியிலிருந்து நான் பார்த்ததை, கறுப்பு ஜன்னலை, அப்பாவே கையால் எடுத்துத் தட்டில் வைத்து நீட்டியதை. "உன் தட்டால ஒண்ணும் கெட்டுப்போகலம்மா. அவரா முடிவு பண்ணிக் குடுத்துட்டு வந்தது" என்றேன்.

அம்மா நிம்மதிப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் இஞ்சினின் கைப்பிடிக் கம்பியை விரலால் தடவிக்கொண்டே இருந்தார். கொண்டை ஊசியா என்று பார்த்தாரோ என்னவோ.

"அந்தப் பயலுக்கு நானே சோறு போட்டேனேடி" என்றார். இஞ்சினைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, "சரிதான். புள்ளைக்காரன். அவனைக் காப்பாத்திட்டாரு. அவரு குணம் அப்படித்தான்" என்றார். அதற்குப் பிறகு என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

"ராத்திரி பகலா கூடவே கெடந்தேனேடி. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் யாருகிட்டயும் சொல்லியிருக்கப் போறதில்ல. அவனைக் காப்பாத்தினவரு, என்னைய மட்டும் ஏன்டி அந்தத் தட்டுலயே விட்டுட்டுப் போனாரு?"

மகன் இஞ்சினை எடுத்துப்போக வந்தான். "அம்மாச்சி, இன்னும் முழுசாக் காயல, குடுங்க" என்றான். அம்மா கொடுக்கவில்லை.